அந்த வீட்டில் பிறந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் காது கேட்காவிட்டால் யாரும் காரணத்தைத் துருவிக் கேட்பதில்லை. "செல் விழுந்தது" என்று சொன்னால் போதும். யுத்த காலத்தில் பீரங்கிச் செல் விழாத ஊர் இல்லை என்பதால் அந்தப் பதிலுக்கு மறுகேள்வியும் இல்லை. கேட்டவர் ஒரு தடவை உச்சுக்கொட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்.

என் அண்ணை கோகுலனுக்குப் பெண் பேசியபோது, பெண்ணின் தாய்மாமன் இராசநாயகத்தைப் பற்றியும் இதையே சொன்னார்கள். கலியாண வீட்டில் அந்த மனிதர் மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தவில்காரரின் கைகளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், செல்லடி" என்றார் என் அம்மா. பெண்ணின் சித்தி உதயகலாவுக்கும் காது கேட்காது. "உதுவும் செல்லோ?" என்று கேட்டேன். "ஒரே வீட்டிலை இருந்தவை தானே" என்று அம்மா முடித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். பிறகு கொரோனாவில் இராசநாயகம் இறந்தும் போனார்.

விட்டிருக்கக் கூடாது. நான் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் படிப்பிக்கிறவள். ஆர்.என்.ஏ. என்ற இழை எப்படி மடிகிறது, மடிந்தபின் என்ன உருவம் எடுக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வீட்டுக்கு வருகிறவர்கள், "அதாலை என்ன பிரயோசனம் சாருஜா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லத் தொடங்கினால் அவர்களின் கண்கள் மெல்ல வாசல் பக்கம் போகும். அதனால், "பெடியளுக்குப் படிப்பிக்கிறன்" என்று சொல்லித் தப்பிக்கப் பழகியிருந்தேன்.

அண்ணையின் மாமியார் மகாதேவி மாமியைப் பற்றி ஊரில் ஒரு கதை இருந்தது. வட்டுக்கோட்டையில் அவருக்கு நல்ல கல்வீடு ஒன்று இருந்தது. பெரிய விறாந்தை, உப்பில்லாத கிணறு, பின்வளவு நிறையத் தென்னை. அவருடைய அம்மா அவருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அந்த அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்தது. எங்கள் வழக்கப்படி அது மூத்த மகளான அண்ணையின் மனைவி பிரசாந்திக்கோ இளையவள் தக்சாயினிக்கோ போயிருக்க வேண்டும். மாமியோ அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நல்லூரில் தீப்பெட்டி அளவில் ஒரு வீட்டை வாங்கிப் பிரசாந்திக்கு எழுதிக் கொடுத்தார். "பட்டணத்து ஆசை, வேறென்ன" என்று ஊர் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பெட்ரோல் வரிசையில் நிற்பதைவிட சைக்கிள் மிதிப்பது சுகமாக இருந்த அந்த வருடத்தில்தான் அண்ணைக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த சில நாளில் காய்ச்சல். இரத்தத்தில் கிருமி என்று சொல்லி, பச்சைப்பிள்ளைகளுக்கென்று இருக்கிற தனி வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிரசாந்தி வயிற்றுத் தையலோடு மேல்மாடியில் கிடந்தார். அண்ணை மேலுக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது, வார்டுக்கு வெளியே வாங்கில் மாமி மட்டும் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை கிடந்தது. கையில் ஊசி ஏற்றி, அசையாமல் இருக்க ஒரு சின்னப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கை பலகையைவிடச் சின்னது.

கொஞ்ச நேரத்தில் உதயகலா சித்தி சாப்பாட்டுக் கரியரோடு வந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சரக்குக் கறி வைத்து எடுத்து வந்திருந்தார். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தவர், அந்தக் கையைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை. அவருடைய ஆறுதல் அந்த நடைபாதையின் மறு அந்தம்வரை போனது.

"பயப்பிடாதை பிள்ளை! எனக்கும் மூத்தவளைப் பெத்த கையோடை உப்பிடித்தான் காய்ச்சல். உந்தக் கையிலைதான் எனக்கும் ஊசி ஏத்தினவை. காய்ச்சல் விட்டிட்டுது. பிறகு காதுக்கை இரைஞ்சு இரைஞ்சு, ஒருநாள் விடிய எழும்பினால் பிள்ளை அழுறது கேக்கேல்லை! காது போனாலும் உயிர் தப்பினன் தானே? உவளும் தப்புவாள், நீ பார்!"

"உதயா! மெல்லக் கதை!" என்று மாமி சீறினார். உதயகலா சித்தி மறுபடியும் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டார். வாயசைவைப் பார்க்காத மனுசிக்கு அந்தச் சீறல் எங்கே போய்ச் சேரும்? "ஊசிதான் பிழைக்க வைச்சது!" என்று இன்னும் உரக்கச் சொன்னார். நடைபாதையில் காத்து நின்ற தகப்பன்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தியின் மூத்தவள் எனக்குத் தெரிந்த பிள்ளைதான். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறாள். யுத்தம் முடிந்தபிறகு பிறந்தவள்.

"மாமி," என்றேன், "அவள் பிறக்கேக்கை எந்தச் செல் விழுந்தது?"

மாமி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அப்போது எனக்குள் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். வருடாவருடம் கரும்பலகையில் வரைந்து, பரீட்சைக்குக் கேள்வியாகப் போட்ட ஒன்று, உயிரோடு என் முன்னால் சரக்குக் கறியுடன் நிற்கிறதே என்ற வெட்கங்கெட்ட சந்தோஷம். அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்கு அப்பால் கிடந்த கையைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஆர்.என்.ஏ. நாலே நாலு எழுத்துக்களை மாறி மாறிக் கோர்த்த ஒரு நீண்ட இழை. நீட்டுக்குக் கிடக்கும்வரை அதனால் ஒரு காரியமும் ஆகாது. அது தன்மேலேயே மடிந்து, இங்குள்ள எழுத்து அங்குள்ள எழுத்தைப் பிடித்து, வளைவும் பொந்துமாக ஓர் உருவத்துக்கு வந்தபிறகுதான் வேலை தொடங்கும். எது எதைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உருவம். விலகி நிற்க வேண்டிய இரண்டு எழுத்துக்கள் கைகோர்த்துவிட்டால், அந்த இடத்தின் உருவமே வேறாகிவிடும்.

நம் உடலைக் கட்டியிருக்கும் நுண்ணிய கலங்களுக்குள் இழைமணி என்று சிறு உறுப்புகள் இருக்கின்றன. கலத்துக்கு வேண்டிய சக்தியைக் கொடுப்பவை. அவற்றுக்குள்ளே புரதம் செய்வதற்கென்று ஆர்.என்.ஏ. மடிந்து உண்டான ஓர் இயந்திரம் உண்டு. சில குடும்பங்களில் அந்த மடிப்பில் 'ஏ' இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 'ஜி' இருக்கும். அதற்கு எதிரே நிற்பது 'சி'. ஏயும் சியும் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்காதவை. ஜி வந்ததும் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு பிடியால் அங்கிருக்கும் பொந்து, பக்டீரியாவின் இயந்திரத்தில் இருக்கும் பொந்தைப்போல ஆகிவிடும். ஜென்டமைசின் என்ற மருந்து பக்டீரியாவின் அந்தப் பொந்துக்குள் போய் உட்கார்ந்து அதைக் கொல்வது. இந்தக் குடும்பத்தாருக்கு அதை ஏற்றினால், அது அவர்களுடைய உள்காதுக் கலங்களிலும் அதே பொந்தைக் கண்டு உட்கார்ந்துவிடும். அந்தக் கலங்கள் செத்தால் மறுபடி முளைக்காது. மருந்து ஏற்றாதவரை பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, மனிதர் தொண்ணூறு வயதுவரை கேட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, இழைமணி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தகப்பன் கொடுப்பதில்லை.

பச்சைப்பிள்ளைக்குக் கிருமிக்காய்ச்சல் என்றால் வழக்கமாக ஏற்றுவது பெனிசிலினும் ஜென்டமைசினும்தான்.

வார்டுப் பொறுப்பில் இருந்தவர் டொக்டர் பெர்னடெட். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தாலும் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். நல்ல பிள்ளை. நான் நீட்டி முழக்க வேண்டி இருக்கவில்லை.

"எனக்கு விளங்குது மிஸ்," என்றார். "முதல் ஊசி நேற்றுப் போட்டாச்சு. அடுத்தது இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு. ஆனால் ஒராளை வைச்சு என்னெண்டு சொல்லுறது? சித்திக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறியும் காது போயிருக்கலாம். இதுக்குப் பதிலாப் போடுற மருந்து எங்களிட்டைக் கொஞ்சம்தான் கிடக்கு. எந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறதெண்டு பெரிய டொக்டர்தான் சொல்லுவார். வெறும் சந்தேகத்தோடை நான் அவரிட்டைப் போனால், இதைவிட மோசமாக் கிடக்கிற பிள்ளையைக் காட்டுவார். தாய் வழியிலை வேறை ஆருக்கும் ஊசிக்குப் பிறகு காது போனதோ? ஒராள் இருந்தாலும் காணும். நான் சண்டை பிடிக்கிறன்."

"நேற்று நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். குடும்பத்திலை ஆருக்கும் சின்ன வயசிலை காது கேக்காமல் போனதோ எண்டு பிள்ளையின்ரை அம்மம்மாவைக் கேட்டனான். இல்லை எண்டவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணையிடம் ஓடினேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரசாந்தியைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது, அம்மாவைக் கேளுங்கோ" என்று அழுதார். சித்தியைக் கேட்டால் தன் கதையைத்தான் சொல்வார். இராசநாயகம் இறந்துவிட்டார். மிஞ்சியது ஒரே ஒரு வாய். நான் மாமியின் கையைப் பிடித்து, வெளியே சைக்கிள்கள் நிறுத்தியிருந்த வேம்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிடித்தேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன், இழுத்தேன் என்பதுதான் சரி.

"இராசநாயகம் மாமாவுக்கு என்னெண்டு காது போனது? உண்மையைச் சொல்லுங்கோ."

"செல்லெண்டு சொன்னனாங்கள் தானே."

"மாமி!"

"சத்தம் போடாதை பிள்ளை. இங்கை ஒரு தாதி கொடிகாமத்து ஆள். தக்சாவுக்குப் பாக்கிற மாப்பிள்ளையின்ரை ஒண்டுவிட்ட தமக்கை. நேற்று டொக்டர் கேக்கேக்கை பக்கத்திலைதான் நிண்டவள். வாற கிழமை நாள் வைக்க வருகினம். நான் என்ன சொல்லச் சொல்லுறாய்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை?"

"பேத்தியின்ரை காது போகப் போகுது, உங்களுக்குக் கலியாணம்!"

"அவளுக்குப் போகாது." மாமி அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சமும் தயக்கம் இல்லை. "அவள் அந்த வீட்டிலை பிறக்கேல்லை."

"எந்த வீட்டிலை?"

அப்போதுதான் எனக்கு அந்த வட்டுக்கோட்டை வீட்டின் கதை முழுதாகத் தெரிய வந்தது. மாமி மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குக் காது நிலைப்பதில்லை. தன் அம்மாவின் தமையனுக்குப் போனது. தன் தம்பிக்குப் போனது. தங்கச்சிக்குப் போனது. ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. தங்காமல் போனது அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். சாத்திரியார் வந்து பார்த்து வீட்டுக் குற்றம் என்றார். கிணற்று மூலை பிழை என்றார். சாந்தி செய்தும் சரிவரவில்லை. கடைசியில், என்ரை பிள்ளைகளின் வயிற்றில் பிறப்பதுகளாவது தப்பட்டும் என்று மாமி வீட்டையே விட்டு எழும்பினார்.

"அம்மாவின்ரை வீடு பிள்ளை. அம்மா செத்ததும் அந்த அறையிலைதான். ஊர் சிரிச்சது. சிரிக்கட்டும் எண்டுதான் வித்தனான்," என்றார்.

இந்த மனுசி கண்ணால் பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. பெண்களின் வழியில் இறங்குகிறது, ஆண்களோடு நின்றுவிடுகிறது. என் மாணவர்கள் வட்டமும் சதுரமும் போட்டு வரைகிற அதே வரைபடம். எங்கள் ஊரில் வீடும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகிறது. ஆண்பிள்ளை வீட்டை விட்டுப் போகிறான். வீடும் நோயும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன, இவர் வீட்டைப் பிடித்துக் குற்றவாளி ஆக்கிவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் நான் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எனக்கு இயல்பாகவே பொறுமை குறைவு.

"வீடு ஒண்டும் செய்யேல்லை மாமி. நீங்கள் வித்தது சும்மா. அது உங்களுக்குள்ளை கிடக்கு. நீங்கள்தான் பிரசாந்திக்குக் குடுத்தனீங்கள், பிரசாந்தி இந்தப் பிள்ளைக்குக் குடுத்திருக்கு. எந்த வீட்டிலை பிறந்தாலும் அது வரும்."

மாமி அடி வாங்கினவர்போல வேம்பின் வேரில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு நிமிடத்தில் அவருடைய வீட்டை இரண்டாம் தடவையும் பறித்துவிட்டேன். நானும் நிலத்தில் குந்தினேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவருடைய சேலைக் கொய்யக மடிப்பைத் தொட்டேன்.

"இதைப் பாருங்கோ. இது வெறும் நீட்டுத் துணிதானே? மடிப்பு விழுகிற விதத்திலைதான் சேலையா நிக்குது. விரிஞ்சு நிக்க வேண்டிய ரெண்டு மடிப்பைச் சேர்த்து ஒரு ஊசி குத்தினால் என்ன நடக்கும்? அந்த இடம் இறுகிப்போய் வேறை மாதிரி நிக்கும். எங்கடை உடம்புக்குள்ளையும் உப்பிடி மடிஞ்சு நிக்கிற ஒண்டு இருக்கு. உங்கடை குடும்பத்திலை அதிலை ஒரு ஊசி கூடக் குத்தியிருக்கு. அதாலை ஒரு வருத்தமும் இல்லை. ஒருத்தருக்கும் தெரியவும் தெரியாது. ஒரேயொரு மருந்து வந்தால் மட்டும் அது நேரே அந்த இறுகின இடத்திலை போய்ப் பிடிக்கும். அந்த மருந்தைத்தான் உள்ளை ஏத்துகினம்."

மாமி தன் கொய்யகத்தைப் பார்த்தார். "அந்த ஊசியை ஆர் குத்தினது?"

"ஒருத்தரும் இல்லை. உங்கடை அம்மாவிட்டையிருந்து வந்தது. அவவுக்கு அவவின்ரை அம்மாவிட்டையிருந்து."

"அப்ப இதுவும் சீதனமாத்தான் வந்திருக்கு." சிரிக்கப் போகிறவர்போல வாய் கோணியது, ஆனால் சிரிக்கவில்லை. "எனக்கேன் போகேல்லை?"

"உங்களுக்கு அந்த மருந்து போட வேண்டி வரேல்லை. அவ்வளவுதான்."

மாமி என் தோளைப் பிடித்து எழும்பினார். "தம்பிக்குச் செல் விழேல்லை," என்றார். "கசம். இளந்தாரியா இருக்கேக்கை. மாதக்கணக்கா ஊசி போட்டவை. கசமெண்டு சொன்னால் ஆர் பொம்பிளை குடுப்பினம்? அதாலை காது போனதையும் சேர்த்துச் செல்லிலை போட்டம்."

கசம் என்பது காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மாதக்கணக்கில் போட்ட ஊசி ஸ்ட்ரெப்டோமைசின். ஜென்டமைசினின் கூடப்பிறந்த மருந்து. எனக்கு இனி எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

மாமி எனக்கு முன்னால் நடந்து வார்டு வாசலுக்குப் போனார். உள்ளே அந்தக் கொடிகாமத்துத் தாதி மருந்துத் தட்டோடு நின்றார். டொக்டர் பெர்னடெட்டைத் தனியே கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. தாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, யாருக்கு எப்போது என்ன ஊசி, எப்போது காது போனது என்று எல்லாவற்றையும் சொன்னார். முழுப் பூசணிக்காயை இத்தனை வருடம் சோற்றில் மறைத்த கை, அன்றைக்கு அதை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்தது.

டொக்டர் பெர்னடெட் சொன்னபடி சண்டை பிடித்தார். நாலு மணிக்கு வேறு மருந்துதான் ஏறியது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. நான் எல்லோருடைய வாயிலும் பஞ்சு தடவி எடுத்து, கொழும்பில் எனக்குத் தெரிந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். மாமி, சித்தி, பிரசாந்தி, தக்சாயினி, பிள்ளை. எல்லோரிடமும் அந்த இடத்தில் ஜி இருந்தது. கொடிகாமத்து ஆட்கள் நாள் வைக்க வரவில்லை. சாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம், இப்போது பொருத்தம் சரியில்லையாம். கிரகங்கள் அந்த ஒரு கிழமைக்குள் இடம் மாறிவிட்டன போலும்.

தக்சாயினி ஒருநாள் பல்கலைக்கழகத்துக்கு என்னைத் தேடி வந்தாள். கோபத்தோடு வருகிறாள் என்று பயந்தேன். அவள் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"எனக்குப் பிறக்கிறதுக்கும் வருமோ அக்கா?"

"வரும்."

"அந்த ஊசி போடாட்டில்?"

"அநேகமா ஒண்டும் நடக்காது. டொக்டர்மாரிட்டை ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப அம்மம்மாவின்ரை தமையன், மாமா, சித்தி எல்லாரும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். முடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முதல் காது போனபோது காரணம் யாருக்கும் தெரியாது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது? இந்தக் குடும்பத்துக்கு இன்ன ஊசி ஆகாது என்று யாராவது வெளியே வாயைத் திறந்திருந்தால், எங்கேயாவது ஒரு டொக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பார். கலியாணங்கள் நடக்க வேண்டுமென்று வாயை மூடினார்கள். கலியாணங்கள் நடந்தன.

பிள்ளைக்குக் காது சோதிக்கும் நாளில் நானும் கூடப் போனேன். முதற் சோதனையில் இரண்டு காதிலும் சரியான பதில் வரவில்லை. பச்சைப்பிள்ளைகளுக்கு அப்படி வருவது உண்டு என்று திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். இது இரண்டாவது. பிரசாந்தி பிள்ளையோடு உள்ளே போனார், அண்ணையும் போனார். மாமியும் நானும் வெளியே நின்றோம்.

அண்ணை வெளியே வந்தபோது அவர் முகம் சொல்லிவிட்டது. முழுக்கப் போகவில்லையாம். பெரிய சத்தங்கள் கேட்குமாம். கதைப்பது கேட்க இரண்டு காதுக்கும் கருவி வைக்க வேண்டுமாம். அந்த இரண்டாவது ஊசியும் ஏறியிருந்தால் இதுவும் மிஞ்சியிருக்காது என்று அங்கிருந்த டொக்டர் சொன்னாராம். அண்ணை அதை ஒரு நல்ல செய்தியைப்போலச் சொல்ல முயன்றார். முடியாமல் திரும்ப உள்ளே போய்விட்டார்.

மாமி சுவரில் சாய்ந்தார். "முதல்நாள் போட்ட ஊசியாலையோ?"

நான் எத்தனையோ வருடமாக மாணவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல் என்று அடித்துச் சொல்கிறவள். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை.

"தெரியேல்லை மாமி. காய்ச்சலாலையும் இருக்கலாம். உங்களுக்கு அண்டைக்கு ஒண்டும் தெரியாது தானே? பயம், பதற்றம். டொக்டர் என்ன கேட்டவ எண்டதே உங்களுக்குச் சரியா விளங்கியிருக்காது."

மாமி என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"எனக்குக் காதிலை ஒரு குறையுமில்லை, பிள்ளை. அண்டைக்கு அந்த டொக்டர் கேட்ட ஒவ்வொரு சொல்லும் வடிவா விழுந்தது."